காற்றைத் திரவமாக்கிப் பிரிப்பது எப்படி?

ஒரு மெல்லிய எவர்சில்வர் டம்ளரில் திரவ நைட்ரஜனை ஊற்றி வைத்தால், டம்ளரின் வெளிப்பக்கம் முதலில் வெள்ளையாகப் பூத்துப்போகும். காற்றிலிருந்த ஈரம் உறைந்து படிந்த பனி அது. அதில் புதுமை இல்லை. இன்னும் சிறிது நேரம் பொறுத்தால், அடிவிளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக ஏதோ வடியத் தொடங்கும். தண்ணீராக இருக்க வழியில்லை. உள்ளே இருப்பது மைனஸ் 196 டிகிரி. டம்ளரும் ஒழுகவில்லை. கனன்றுகொண்டிருக்கும் ஊதுபத்தி முனையை அந்தச் சொட்டுக்கு அருகே கொண்டுபோனால் முனை பளிச்சென்று பற்றிக்கொள்ளும். (ஆய்வகத்தில், தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்து பார்க்க வேண்டியது இது.)

வடிவது திரவக் காற்று. அதிலும் ஏறக்குறைய பாதி ஆக்சிஜன். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான்; டம்ளரின் சுவரில் பட்டுத் திரவமானதும் அது பாதிக்குப் பாதி ஆகிவிட்டது. வேறு எந்தக் கருவியும் இல்லாமல், வெறும் குளிரே காற்றைப் பிரித்துக் காட்டுகிறது.

பள்ளிப் பாடத்தில் இதை “திரவக் காற்றைப் பின்னக் காய்ச்சி வடித்து ஆக்சிஜன் பெறப்படுகிறது” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பின்னக் காய்ச்சி வடிப்பது என்றால், கொதிநிலை வித்தியாசத்தை வைத்துப் பிரிப்பது. அந்த வரியில் இரண்டு பெரிய கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, காற்றை மைனஸ் 190 டிகிரிக்குக் கீழே கொண்டுபோக எதை வைத்துக் குளிர்விப்பது? அதைவிடக் குளிர்ந்த பொருள் பூமியில் இயற்கையாக எங்கும் கிடையாதே. இரண்டு, திரவமான பிறகு அதைச் சுத்தமாகப் பிரிப்பது எப்படி? இரண்டுக்கும் விடை காற்றிடமே இருக்கிறது. காற்று தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது. பிரியும்போதும் தனக்கு வேண்டிய சூட்டையும் குளிரையும் தானே கொடுத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து நாம் தருவது பெரும்பாலும் கம்ப்ரசருக்கான மின்சாரம் மட்டும்தான்.

எந்தக் குளிரில் எது விழும்?

ஈரம் நீங்கிய காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், சுமார் 21 சதவீதம் ஆக்சிஜன், 0.93 சதவீதம் ஆர்கான். மிச்சம் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம், அப்புறம் நியான், ஹீலியம், கிரிப்டான், செனான் ஆகியவை துளித்துளி. ஆக்சிஜனின் கொதிநிலை மைனஸ் 183, ஆர்கானுக்கு மைனஸ் 186, நைட்ரஜனுக்கு மைனஸ் 196 டிகிரி செல்சியஸ்.

இதைப் படித்ததும் பலருக்கும் தோன்றுவது: மைனஸ் 185 டிகிரிக்குக் குளிர்வித்து நிறுத்தினால் ஆக்சிஜன் மட்டும் திரவமாக விழும், மற்றது வாயுவாகவே நிற்கும், வேலை முடிந்தது. அப்படி நடக்காது. மைனஸ் 183 என்பது தனி ஆக்சிஜனுக்கான கணக்கு. காற்றில் ஐந்தில் ஒரு பங்காகக் கலந்து கிடக்கும் ஆக்சிஜன் அந்தக் குளிரில் அசையாது. சாதாரண அழுத்தத்தில் காற்றின் முதல் சொட்டு விழ மைனஸ் 191 டிகிரி வரை போக வேண்டும். அப்போதும் தனி ஆக்சிஜன் விழுவதில்லை. நைட்ரஜனையும் கூட்டிக்கொண்டுதான் விழுகிறது. இன்னும் மூன்று டிகிரி இறங்கினால் காற்று முழுவதுமே திரவமாகிவிடும். ஆக, ஒரே தடவையில் பிரிக்க முடியாது. ஆக்சிஜன் கொஞ்சம் முந்தி விழும், நைட்ரஜன் கொஞ்சம் முந்திக் கொதிக்கும். இந்தச் சின்ன ‘முந்தி’யைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தித்தான் பிரித்தாக வேண்டும்.

அழுத்தினால் மட்டும் போதாதா?

வீட்டுக் கேஸ் சிலிண்டரை லேசாக ஆட்டினால் உள்ளே திரவம் தளும்புவது கைக்குத் தெரியும். அதற்குக் குளிர் எதுவும் தேவைப்படவில்லை; அழுத்தியதிலேயே எல்பிஜி திரவமாகிவிட்டது. மருத்துவமனையில் வரிசையாக நிற்கும் இரும்பு ஆக்சிஜன் சிலிண்டரிலோ சுமார் 150 மடங்கு அழுத்தம் இருக்கும். ஆனாலும் உள்ளே ஒரு சொட்டுத் திரவம் கிடையாது. முழுவதும் வாயுதான்.

இந்த வித்தியாசம் 19ஆம் நூற்றாண்டில் பலரைப் படுத்தி எடுத்தது. 1823இல் குளோரினைத் திரவமாக்கிய மைக்கேல் ஃபாரடே, 1845 வாக்கில் தெரிந்த வாயுக்களில் பெரும்பாலானவற்றைத் திரவமாக்கிப் பார்த்துவிட்டார். ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் உள்ளிட்ட ஆறு மட்டும் மசியவில்லை. ‘நிரந்தர வாயுக்கள்’ என்று அவற்றுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். வியன்னாவில் நாட்டரர் என்பவர் 3,000 வளிமண்டல அழுத்தத்துக்கு அருகே வரை போய்ப் பார்த்தார். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை.

காரணத்தை 1869இல் தெளிவாக்கியவர் பெல்ஃபாஸ்டில் இருந்த தாமஸ் ஆண்ட்ரூஸ். ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு மாறுநிலை வெப்பநிலை உண்டு. அதற்கு மேலே இருக்கும்வரை எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. கார்பன் டை ஆக்சைடுக்கு அது 31 டிகிரி. எல்பிஜியில் உள்ள புரொப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் 90 டிகிரிக்கு மேல், அதனால்தான் சமையலறையிலேயே திரவமாக இருக்க முடிகிறது. ஆக்சிஜனுக்கோ மைனஸ் 118, நைட்ரஜனுக்கு மைனஸ் 147. முதலில் அந்த எல்லைக்குக் கீழே இறக்க வேண்டும், அப்புறம்தான் அழுத்தம் பேசும்.

1877 டிசம்பரில் பிரான்சில் லூயி கையெத்தே அந்த எல்லையைத் தாண்டினார். வழி காட்டியது ஒரு விபத்து. அசெட்டிலீனை அழுத்திக்கொண்டிருந்தபோது கருவியில் கசிவு ஏற்பட்டு அழுத்தம் சட்டென்று இறங்கியது. கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு நொடி புகை மூட்டம் தோன்றி மறைந்தது. அதைக் கவனித்தவர் ஆக்சிஜனை 300 வளிமண்டலம் வரை அழுத்தி, மைனஸ் 29 டிகிரிக்குக் குளிர்வித்து, வேண்டுமென்றே சட்டென்று திறந்துவிட்டார். அதே மூட்டம் வந்தது. ஜெனீவாவில் ராவுல் பிக்தே வேறொரு முறையில் அதே மாதம் அதே முடிவை எட்டி, பாரிஸ் அறிவியல் கழகத்துக்குத் தந்தி அடித்தார். மூட்டமாகத் தோன்றி மறையாமல், குழாயின் அடியில் நின்று கொதிக்கும் ஆக்சிஜனை முதலில் பார்த்தவர்கள் போலந்தின் கிராக்கோவ் நகரில் ருப்ளெவ்ஸ்கி, ஓல்ஷெவ்ஸ்கி என்ற இருவர். அது 1883 ஏப்ரல்.

குளிருக்கு வட்டிக்கு வட்டி

ஆய்வகத்தில் சில சொட்டு எடுப்பது வேறு, வாளி வாளியாக எடுப்பது வேறு. இரண்டாவதைச் செய்தவர் ஜெர்மனியின் கார்ல் ஃபான் லிண்டே. பீர் தொழிற்சாலைகளுக்குக் குளிர்பதன இயந்திரம் செய்து பெயர் வாங்கியவர்.

அவர் பிடித்துக்கொண்டது 1852இல் ஜூலும் தாம்சனும் கண்ட ஒரு சின்ன விஷயம். அழுத்தமான காற்றை ஒரு குறுகிய வால்வு வழியாகக் கசியவிட்டால் அது லேசாகக் குளிர்கிறது. காற்று மூலக்கூறுகள் ஒன்றையொன்று கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. காற்று விரியும்போது அந்த இழுப்பை மீறி விலக வேண்டியிருப்பதால் அவற்றின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் வெப்பநிலையும் குறையும். ஆனால் அளவு? சாதாரண அறை வெப்பநிலையில் ஒரு வளிமண்டல அழுத்தம் இறங்கினால் கால் டிகிரி. 200இலிருந்து 1க்கு விட்டாலும் சுமார் 40 டிகிரிதான் குறையும். நமக்கு வேண்டியதோ 200 டிகிரிக்கு மேல்.

லிண்டே செய்த தந்திரம் இதுதான். வால்வைத் தாண்டிக் குளிர்ந்த காற்றை வெளியே விடவில்லை. உள்ளே வந்துகொண்டிருக்கும் அழுத்தமான காற்றின் குழாயைச் சுற்றியே அதைத் திருப்பி அனுப்பினார். அடுத்து வால்வுக்கு வரும் காற்று இப்போது ஏற்கெனவே குளிர்ந்து வருகிறது. வால்வில் அது இன்னும் குளிர்கிறது. அந்தக் குளிர் அதற்கடுத்த காற்றுக்குப் போகிறது. குளிர் வட்டிக்கு வட்டி போட்டுக்கொண்டு வளர்கிறது. இதில் இன்னொரு அனுகூலமும் உண்டு: காற்று குளிரக் குளிர, வால்வில் கிடைக்கும் இறக்கமும் கூடிக்கொண்டே போகும். 1895 மே மாதம் ம்யூனிக்கில் இயந்திரத்தை மூன்று நாள் ஓடவிட்ட பிறகு, நீலம் பாய்ந்த திரவம் வந்தது. அதைப் பெரிய உலோக வாளியில் பிடித்தார்கள். மணிக்குச் சுமார் மூன்று லிட்டர். அதே மாதத்தில் லண்டனில் வில்லியம் ஹாம்ப்சனும் இதே முறைக்குக் காப்புரிமை கேட்டிருந்தார், லிண்டேயைவிட ஏறக்குறைய இரண்டு வாரம் முந்தி. சட்டம் படித்த மனிதர் அவர். அவருடைய கருவி சிறியது, எளியது. லிண்டே அளவுக்குப் பேர் மட்டும் கிடைக்கவில்லை.

1902இல் ஜார்ஜ் க்ளோத் என்ற பிரெஞ்சுக்காரர் இன்னொரு படி ஏறினார். காற்று விரியும்போது அதைச் சும்மா விரியவிடாமல் ஒரு பிஸ்டனைத் தள்ளும் வேலையைச் செய்ய வைத்தால், செய்த வேலைக்கான ஆற்றல் காற்றிலிருந்தே போகும். வால்வைவிடப் பல மடங்கு குளிரும். கேட்க எளிது. அந்தக் குளிரில் எந்த எண்ணெயும் உறைந்துவிடும், பிஸ்டன் நகராது. எண்ணெய்ப் பசை நீக்கிய தோலை வளையமாகப் போட்டுத்தான் அவர் அதை ஓட வைத்தார். இன்றைய ஆலைகளில் பிஸ்டனின் இடத்தில் டர்பைன் சுழல்கிறது. கொள்கை க்ளோத் சொன்னதேதான்.

ஆலைக்குள்ளே

இன்றைய காற்றுப் பிரிப்பு ஆலையில் காற்று முதலில் வடிகட்டியைத் தாண்டி கம்ப்ரசருக்குள் போகிறது. சுமார் ஆறு மடங்கு அழுத்தம் போதும். அழுத்தியதில் ஏறிய சூட்டைத் தண்ணீர் கொண்டு தணித்துவிட்டு, அடுத்ததாக ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தின் குருணை நிரப்பிய தொட்டிகள் வழியே அனுப்புகிறார்கள். அங்கே நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் உறிஞ்சப்படும். விட்டுவைத்தால் இரண்டும் உள்ளே உறைந்து வெப்பமாற்றியின் மெல்லிய வழிகளை அடைத்துவிடும்.

இந்தச் சுத்திகரிப்பை நான் அழுத்திச் சொல்வதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அசெட்டிலீன் போன்ற ஹைட்ரோகார்பன்கள் காற்றில் மிகச் சொற்பமாக இருந்தாலும், அவை கடைசியில் போய்ச் சேருமிடம் திரவ ஆக்சிஜன் தேங்கும் தொட்டி. எரிபொருளும் சுத்த ஆக்சிஜனும் ஒரே இடத்தில் நாள்கணக்கில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1997 கிறிஸ்துமஸ் அன்று மலேசியாவின் சரவாக்கில் பிந்துலு என்ற ஊரில் ஒரு காற்றுப் பிரிப்புக் கோபுரம் வெடித்துச் சிதறியது. காற்றில் வந்த எரியக்கூடிய மாசு சுத்திகரிப்பைத் தாண்டி உள்ளே சேர்ந்ததே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அந்த வருடம் காட்டுத்தீப் புகை தென்கிழக்கு ஆசியாவை மூடியிருந்தது.

சுத்தமான காற்று அப்புறம் அலுமினிய வெப்பமாற்றியில் நுழைகிறது. எதிர்த்திசையில் வெளியேறிக்கொண்டிருக்கும் குளிர்ந்த நைட்ரஜனும் ஆக்சிஜனும் அதைக் குளிர்வித்துவிட்டு, தாங்கள் அறை வெப்பநிலைக்கு வந்து வெளியே போகின்றன. லிண்டேயின் அதே திருப்பிவிடும் தந்திரம். காற்றில் ஒரு பங்கு டர்பைன் வழியாக விரிந்து, வழியில் இழந்த குளிரை ஈடுகட்டும்.

இனி கோபுரம். இந்தத் தொழிலிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், 1910 வாக்கில் லிண்டேயின் நிறுவனத்தில் உருவான இரட்டைக் கோபுரம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அறைகள். உள்ளே அடுக்கடுக்காகத் துளையிட்ட தட்டுகள். மேலிருந்து திரவம் தட்டு தட்டாக வழியும். கீழிருந்து ஆவி துளைகள் வழியே ஏறும். ஒவ்வொரு தட்டிலும் இரண்டும் சந்திக்கும்போது ஆவியிலுள்ள ஆக்சிஜன் கொஞ்சம் திரவத்தில் இறங்கிக்கொள்ளும். அது விடும் சூட்டில் திரவத்திலுள்ள நைட்ரஜன் கொஞ்சம் ஆவியாக ஏறிக்கொள்ளும். ஒரு தட்டில் நடப்பது சொற்பம். பல பத்துத் தட்டு தாண்டும்போது மேலே சுத்த நைட்ரஜன், கீழே சுத்த ஆக்சிஜன்.

சரி, கீழே திரவத்தைக் கொதிக்க வைக்கச் சூடு வேண்டும், மேலே ஆவியைத் திரவமாக்கக் குளிர் வேண்டும். எங்கிருந்து வரும்? கீழறை ஐந்தாறு மடங்கு அழுத்தத்தில் இருக்கிறது, மேலறை சாதாரண அழுத்தத்தைவிடச் சற்று மேலே. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும் அல்லவா? கீழறையின் உச்சிக்கு ஏறிய நைட்ரஜன் அந்த அழுத்தத்தில் சுமார் மைனஸ் 178 டிகிரியிலேயே திரவமாகிவிடும். மேலறையின் அடியில் தேங்கிய ஆக்சிஜனோ சுமார் மைனஸ் 180இல் கொதிக்கும். வழக்கமாக ஆக்சிஜனைவிட 13 டிகிரி கீழே இருக்கும் நைட்ரஜன் இங்கே இரண்டு டிகிரி மேலே வந்துவிட்டது! இரண்டுக்கும் நடுவே ஒரு வெப்பமாற்றியை வைத்தால் போதும். நைட்ரஜன் திரவமாகும்போது விடும் சூடு ஆக்சிஜனைக் கொதிக்க வைக்கிறது. ஆக்சிஜன் கொதிக்க எடுத்துக்கொள்ளும் சூடு நைட்ரஜனைத் திரவமாக்குகிறது. அடுப்பும் இல்லை, தனியாகக் குளிர்பெட்டியும் இல்லை. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் இதை யாரும் தூக்கி எறியவில்லை.

ஆர்கான்தான் கொஞ்சம் பிடிவாதக்காரன். அதன் கொதிநிலை ஆக்சிஜனுக்கு மூன்றே டிகிரி பக்கத்தில் இருப்பதால், மேலறையின் நடுப்பகுதியில் போய்த் தேங்கும். அங்கிருந்து ஒரு கிளையை இழுத்துத் தனிக் கோபுரத்தில் ஏற்றுகிறார்கள். இடைவெளி குறைவாக இருப்பதால் இந்தக் கோபுரம் மிக உயரமாக இருக்க வேண்டியிருக்கிறது. ஆலையைத் தூரத்தில் இருந்து பார்க்கும்போது வெளிச்சூடு புகாமல் தடுக்கும் பெர்லைட் தூள் நிரப்பிய பெட்டிக்குள் இவை எல்லாம் மூடியிருப்பதால், ஜன்னல் இல்லாத ஒரு வெள்ளை அடுக்குமாடிதான் கண்ணுக்குத் தெரியும்.

காற்றில் ஒளிந்திருந்தவை

ஆர்கான் இருப்பதே 1894 வரை தெரியாது. காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன், அம்மோனியாவிலிருந்து எடுத்த நைட்ரஜனைவிட அரை சதவீதம் கனமாக இருக்கிறதே என்று ராலே பிரபு குழம்பியதில் தொடங்கி, வில்லியம் ராம்சேயுடன் சேர்ந்து அதைக் கண்டுபிடித்தார். அப்புறம் ஹாம்ப்சன் கொடுத்த திரவக் காற்றை வைத்து வாயுக்களைத் திரவமாக்கி, மெல்ல ஆவியாகவிட்டு, பிரிந்து வந்தவற்றை ராம்சேயும் மாரிஸ் டிராவர்ஸும் நிறமாலையில் பார்த்தார்கள். 1898 மே இறுதியில் கிரிப்டான், ஜூனில் நியான், ஜூலையில் செனான். சில வாரங்களில் மூன்று தனிமங்கள்!

நியான் க்ளோத்தின் ஆலையில் வேண்டாத மிச்சமாகச் சேர்ந்தது. அதைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து மின்சாரம் பாய்ச்சி 1910இல் பாரிஸில் காட்சிக்கு வைத்தார். நியான் விளக்கு வந்த வழி அது. இன்று சிப் தயாரிப்பில் லேசர்களுக்கு நியான் வேண்டும். 2022இல் போர் மூண்டபோது சிப் நிறுவனங்கள் கலங்கியதற்குக் காரணம், அவர்களுக்கு வேண்டிய சுத்த நியானில் ஏறக்குறைய பாதி உக்ரைனிலிருந்து வந்துகொண்டிருந்ததுதான். செனானின் விலைக்குக் காரணம் இன்னும் எளிது: ஒரு லிட்டர் செனானுக்கு ஒரு கோடி லிட்டருக்கு மேல் காற்றைப் பிரிக்க வேண்டும்.

தொட்டியிலிருந்து வார்டு வரை

ஒரு லிட்டர் திரவ ஆக்சிஜன் ஆவியானால் சுமார் 860 லிட்டர் வாயு. மருத்துவமனையில் ஒருவர் தனியாகத் தூக்க முடியாத ஜம்போ சிலிண்டரில் இருப்பது 7 கன மீட்டர் வாயு. திரவமாக இருந்தால் அது எட்டு லிட்டர் சொச்சம்தான். பெரிய மருத்துவமனைகளின் வளாகத்தில் நிற்கும் உயரமான வெள்ளைத் தொட்டியும், பக்கத்தில் பனி படிந்த இறக்கைகளோடு நிற்கும் அலுமினியக் குழாய் வரிசையும் இதற்காகத்தான். இரட்டைச் சுவருக்கு நடுவே வெற்றிடம் வைத்த அந்தத் தொட்டியில் ஆக்சிஜன் திரவமாக இருக்கிறது. இறக்கைக் குழாய்களில் வெளிக்காற்றின் சூட்டிலேயே ஆவியாகி வார்டுக்குப் போகிறது.

2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா அலையில் நாடே ஆக்சிஜனுக்கு அலைந்தபோது, உற்பத்தி ஒரு பிரச்சினை என்றால் டேங்கர் அதைவிடப் பெரிய பிரச்சினையாக இருந்தது. பெரிய ஆலைகள் கிழக்கே எஃகு ஆலைகளை ஒட்டியிருந்தன, நோயாளிகள் டெல்லியிலும் மும்பையிலும் இருந்தார்கள். விமானப்படை காலி டேங்கர்களைத் தூக்கிச் சென்றது. நிரப்பிய டேங்கர்கள் ரயிலில் திரும்பின. திரவ ஆக்சிஜன் சதா ஆவியாகிக்கொண்டே இருக்கும் சரக்கு என்பதால் நிரப்பியதை விமானத்தில் ஏற்றுவது ஆபத்து. நைட்ரஜன், ஆர்கான் டேங்கர்களைக்கூட சுத்தம் செய்து ஆக்சிஜனுக்கு மாற்றினார்கள். தூத்துக்குடியில் 2018இல் மூடப்பட்ட ஸ்டெர்லைட் ஆலையின் ஆக்சிஜன் பிரிவை மட்டும் இயக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது அப்போதுதான். தாமிர ஆலைக்குள் ஆக்சிஜன் ஆலை எதற்கு என்று பலர் கேட்டார்கள். தாமிரத் தாதுவை உருக்கும் உலைக்கு ஆக்சிஜன் செறிந்த காற்று வேண்டும், அதனால் சொந்தமாகவே பிரித்துக்கொள்கிறார்கள்.

அந்தச் சமயத்தில் மாவட்ட மருத்துவமனைகளில் அமைத்த சிறிய ஆக்சிஜன் பிளான்ட்களில் பெரும்பாலானவை வேறு ரகம். அவற்றில் குளிரே கிடையாது. ஜியோலைட் குருணை நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்சிஜனை விடும். 93 சதவீதம் அளவுக்குச் சுத்தம் கிடைக்கும். நோயாளிக்கு அது போதும். மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கும் கிரையோஜெனிக் (கடுங்குளிர்த் திரவங்களில் ஓடும்) ராக்கெட் இன்ஜினுக்கு அது உதவாது. அங்கே திரவ ஆக்சிஜனே வேண்டும்.

கிராமத்தில் திரவ நைட்ரஜனைப் பார்க்க வேண்டுமென்றால் கால்நடை மருந்தகத்துக்குப் போனால் போதும். மாட்டுக்குச் சினை ஊசி போட வரும்போது அவர்கள் திறக்கும் அலுமினியக் கேனின் வாயிலிருந்து வெண்புகை வழியும். உள்ளே நைட்ரஜனில் மூழ்கிய, கால் மில்லி விந்து அடைத்த மெல்லிய குச்சிகள். ஒன்றை எடுத்து 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் போட்டுவிட்டுப் பயன்படுத்துகிறார்கள். கேன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். குறித்த நாளில் நிரப்பத் தவறினால் உள்ளே இருக்கும் சரக்கு அத்தனையும் வீண்.

கையில் பட்டால் புண்ணாகும் என்பதுதான் திரவ நைட்ரஜனைப் பற்றிப் பலருக்கும் உள்ள பயம். அதைவிடப் பெரிய ஆபத்து மூடிய அறை. ஒரு லிட்டர் சிந்தினால் 700 லிட்டர் வாயு, நிறமில்லை, மணமில்லை. உடம்புக்கு மூச்சுமுட்டும் உணர்வைத் தருவது கார்பன் டை ஆக்சைடு கூடுவதுதான், ஆக்சிஜன் குறைவது அல்ல. அதனால் நைட்ரஜன் நிறைந்த அறையில் இருப்பவருக்கு எச்சரிக்கை எதுவும் கிடைக்காது, நேரே மயக்கம்தான். ஆய்வகங்களில் மாடிக்கு நைட்ரஜன் கொண்டுபோகும்போது கேனை மட்டும் லிஃப்டில் ஏற்றி, உள்ளே யாரும் ஏறக் கூடாது என்று அட்டை மாட்டி அனுப்பிவிட்டு, கொண்டுபோகிறவர் படியில் ஏறிப் போவார்.